சைவம்... வீகன்... தாவர உணவு... மூன்றும் ஒன்றா?

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கம்பத்தில் ஒரு குடும்பம். பரம்பரைச் சைவம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "அம்மா, நான் இப்ப வீகன். காபி வேணாம், தயிர் வேணாம், நெய் வேணாம்" என்கிறாள்.

"ஏத்தா, மோர் கூடவா வேணாங்கிற? நாமதான் கவிச்சியே தொடாதவங்களாச்சே... இதுக்கு மேல என்னத்த விடப்போற?" என்று மோவாயில் கை வைக்கிறார் அப்பத்தா.

அதே வாரம் அப்பா தேனிக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார். சர்க்கரை கூடியிருக்கிறது, ரத்தத்தில் கொழுப்பும் கூடியிருக்கிறது. "இனிமே முழுத் தானியம், பயறு, காய்கறின்னு தாவர உணவா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் டாக்டர். "நாமதான் சைவமாச்சே... இதுல புதுசா என்ன இருக்கு?" என்பது அப்பாவின் குழப்பம்.

அம்மா ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுகிறார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே... பாலை நிறுத்திட்டாப் போச்சு!"

இல்லீங்க, ஒண்ணு இல்லை! பாலை மட்டும் நிறுத்தினால் மகளுக்கு ஒரு முக்கியமான சத்து அடியோடு நின்றுபோகும். அப்பாவின் சர்க்கரையோ அதனால் பெரிதாக இறங்கப் போவதில்லை. மூன்று சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் வினை இது. உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம், அல்லது நாளை எழலாம். முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எது சைவம், எது வீகன்?

நம் ஊரில் சைவம் என்றால் கறி, மீன், முட்டை கிடையாது. பால், தயிர், நெய், தேன் எல்லாம் உண்டு. கார்த்திகை பிறந்துவிட்டால் தேனி, சின்னமனூர், கம்பம், குமுளி சாலையில் கறுப்பு வேட்டியும் நீல வேட்டியுமாக எத்தனை பேரைப் பார்க்கிறோம்! மாலை போட்ட சாமிமார்கள் 41 நாளும் கவிச்சி பக்கம் திரும்புவதில்லை. ஆனால், இருமுடியில் அவர்கள் பயபக்தியோடு கட்டிக்கொண்டு போவது நெய்த் தேங்காய். நம் சைவத்தில் பாலும் நெய்யும் விலக்கு இல்லை. அவற்றுக்கு ஒரு புனிதமே உண்டு.

உயிரைக் கொன்று தின்னக் கூடாது என்ற எண்ணமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கப்பட்டிருக்கும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டவை. திருக்குறளில் ‘புலால் மறுத்தல்’ என்று தனி அதிகாரமே இருக்கிறது. ஆனாலும் நம் மரபு பாலைப் புலாலோடு சேர்க்கவில்லை.

வீகன்கள் அதையும் சேர்த்து விலக்குகிறவர்கள். இந்தச் சொல் பிறந்தது 1944-ல், இங்கிலாந்தில். டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் பால், முட்டை இரண்டையும் விட்ட சைவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டி ‘வீகன்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் இதை ‘நனிசைவம்’ என்றும் சொல்கிறார்கள். பசுவின் பால் கன்றுக்கு உரியது, மிருகத்தை மனிதன் தன் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இவர்கள் கொள்கை. அதனால் இது சாப்பாட்டுத் தட்டோடு நிற்பதில்லை. பட்டுப் புடவை, தோல் செருப்பு, தேன் எல்லாமே விலக்குதான்.

அப்படியானால் தாவர உணவு?

இது 1980-ஐ ஒட்டிப் பிறந்த சொல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் காலின் கேம்பெல், உணவுக்கும் நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர். கொழுப்புக் குறைந்த, நார்ச்சத்து நிறைந்த உணவைப் பற்றிப் பேசும்போது, கொள்கைச் சாயம் எதுவும் ஒட்டாத ஒரு சொல் அவருக்குத் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் ‘தாவரம் சார்ந்த உணவு’. தட்டில் பெரும்பகுதி காய், கீரை, பழம், பயறு, தீட்டாத தானியம், கொட்டை வகைகள். மைதா, வெள்ளைச் சர்க்கரை, பொரித்த பண்டம், பாக்கெட் தீனி ரொம்பக் கம்மி. இந்த முறையைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் பாலையும் விட்டுவிடுவார்கள். பெரும்பாலான டாக்டர்கள் சொல்வது அந்த அளவுக்குக் கிடையாது. ஒரு தம்ளர் மோரோ, வாரத்தில் ஒருநாள் மீனோ இருந்தால் குடி முழுகிப் போகாது.

சுலபமாக நினைவு வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறோம். தட்டில் எது இருக்கவே கூடாது என்று பார்ப்பது வீகன். தட்டில் எது நிறைய இருக்க வேண்டும் என்று பார்ப்பது தாவர உணவு. முன்னது மனசாட்சிக்காக. பின்னது உடம்புக்காக. ஒருவர் இரண்டையுமே கடைப்பிடிக்கலாம். ஆனால், ஒன்றைச் செய்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது!

நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு பரீட்சை

முட்டையும் பாலும் சேர்க்காமல் எண்ணெயில் போட்ட பரோட்டா, தொட்டுக்கொள்ளக் காய்க் குருமா. வீகனா? ஆமாம். நல்ல தாவர உணவா? இல்லவே இல்லை. மைதாவில் நார்ச்சத்து பெயருக்குத்தான். எண்ணெயோ அளவு தெரியாமல் உள்ளே போகிறது.

உருளைக்கிழங்கு சிப்ஸ், கலர் சோடா? இரண்டுமே வீகன்தான். உடம்புக்கு ஆகுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

கேப்பைக் களி, கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு, கடைசியில் ஒரு தம்ளர் நீர்மோர்? மோர் இருப்பதால் வீகன் கிடையாது. ஆனால், சர்க்கரைக்காரருக்கு டாக்டர் சொன்ன தாவர உணவு கிட்டத்தட்ட இதுதான். (களியும் அளவோடு இருக்க வேண்டும்.)

போடி ஏலக்காய் தட்டிப் போட்ட டீ? பால் ஊற்றினால் வீகன் இல்லை. வரட்டீ என்றால் வீகன். அதில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டால் வீகனாகவே இருக்கும், ஆனால் சர்க்கரைக்காரருக்கு ஆகாது.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம கம்பம் பன்னீர் திராட்சை? பழமாகச் சாப்பிட்டால் இரண்டு கணக்கிலும் பாஸ். வடிகட்டிச் சர்க்கரை கலந்து ஜூஸாகக் குடித்தால், வீகன் கணக்கில் பாஸ், உடம்புக் கணக்கில் ஃபெயில்!

பெரியாறு வந்தது... தட்டு வெளுத்தது!

1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் கிழக்கே திரும்பியது. இன்றைக்கு லோயர்கேம்ப் தொடங்கி தேனி பக்கம் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல். பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் அளவுக்கு நன்றியுள்ள சனம் நாம். அதே சமயம், நெல் வர வர மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இட்லி, தோசை என்று ஆகிவிட்டதும் உண்மை.

ஆண்டிபட்டி, கண்டமனூர், கடமலைக்குண்டு, வருசநாடு பக்கத்து மானாவாரிக் காட்டில் விளைந்தது சோளம், கேப்பை, குதிரைவாலி, மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு. நம் பாட்டன் பூட்டன் தட்டில் இருந்தவை இவை. ‘தாவர உணவு’ என்றதும் ஓட்ஸ், கினோவா என்று விலை கூடிய பாக்கெட்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. சின்னமனூர் வாழையும் வாழைப்பூவும் வாழைத்தண்டும், ஆண்டிபட்டி முருங்கையும் பக்கத்திலேயே இருக்கின்றன. உழவர் சந்தைக்கு ஒரு பையோடு போனால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

அதற்காக, அந்தக் காலத்துச் சாப்பாட்டில் எல்லாமே நிறைவாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். மேலே சொன்னவற்றில் ஒன்றிலும் இல்லாத ஒரு சத்து இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

மறக்கக் கூடாத பி12

வைட்டமின் பி12. இதைச் செடி, கொடி, மரம் எதுவும் தயாரிப்பதில்லை. ஒருவகை பாக்டீரியாக்கள் மட்டுமே தயாரிக்கின்றன. அது ஆடு, மாடு, மீனின் உடம்பில் சேர்ந்து, அங்கிருந்து கறி, முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. கீரையில் இல்லை. பயறில் இல்லை. கேப்பையிலும் இல்லை.

கறி சாப்பிடுகிறவர் வீகனாக மாறினால் பல வாசல்களை அடைக்கிறார். பரம்பரைச் சைவக் குடும்பத்துப் பெண்ணுக்கோ இருந்ததே பாலும் தயிரும் என்ற ஒரே வாசல்தான். அதனால், ‘நாம ஏற்கெனவே சைவம், பாலை மட்டும் விடுறது பெரிய விஷயமில்லை’ என்று நினைக்கிற வீட்டில்தான் அதிகக் கவனம் தேவை. முழுச் சைவக் குடும்பங்களில் பாலும் கம்மியாகத்தான் புழங்குகிறது என்றால், அங்கே பி12 முதலிலிருந்தே குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு! இத்துனூண்டு சத்து இல்லாமல் போனால் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாது, நரம்பின் மேலுறை சேதமாகும். சேமிப்பு நன்றாக இருப்பவர்களின் ஈரலில் இரண்டு மூன்று வருஷத்துக்குத் தேவையான கையிருப்பு இருக்கும். அதனால் பாலை விட்ட மறுநாளே ஒன்றும் தெரியாது. ‘ஆறு மாசமா நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றும். பிறகு மெதுவாக ஆரம்பிக்கும்:

* பாதம், விரல்களில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு
* காரணமில்லாத அசதி, படியேறினால் மூச்சு வாங்குவது
* நாக்கு சிவந்து வழவழப்பாகி எரிவது
* ஞாபக மறதி, எரிச்சல், மனச்சோர்வு
* இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம்

சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலோ ஊசியிலோ சரியாகிவிடும். வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமலே போகலாம்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கீரை, பயறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கிடைக்கும். அது பி12 குறைவினால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடக் கூடும். ரத்தப் பரிசோதனையில் ‘ஹீமோகுளோபின் நல்லா இருக்கு’ என்று வரும்; உள்ளே நரம்பு சேதமாகிக்கொண்டிருக்கும். ஆகவே, ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பி12 அளவைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

‘மாத்திரை போட்டால்தான் வாழ முடியும் என்றால் அது என்ன சாப்பாடு?’ என்று சிலர் கேட்பார்கள். வீகன் என்ற பெயரை வைத்த அதே பிரிட்டிஷ் சங்கமே தன் உறுப்பினர்களுக்குத் தெளிவாகச் சொல்கிறது: பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவைத் தினமும் சாப்பிடுங்கள், அல்லது தினம் 10 மைக்ரோகிராமாவது மாத்திரையாக எடுங்கள், அல்லது வாரம் ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் எடுங்கள். மாத்திரைக்கான பி12 பாக்டீரியாவை வளர்த்து எடுக்கப்படுவது. எனவே கொள்கைக்கும் பங்கம் இல்லை. (சில கேப்ஸ்யூல்களின் கூடு மிருக எலும்பு, தோலில் இருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம்.) ஏற்கெனவே குறைவு இருந்தால் அளவு வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அப்பாக்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு, உடம்பு பி12-ஐ உறிஞ்சுவது குறையும். சைவமும் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் குறைவு வர இரண்டு வழி ஆகிவிடுகிறது. பாதத்தில் மதமதப்பு வந்தால் ‘சர்க்கரையால வர்றது’ என்று விட்டுவிடாமல் பி12-ஐயும் பாருங்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது!

பால் போனால் வேறு என்ன போகும்?

கால்சியம்: பெரியவர்களுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் வேண்டும். ஒரு தம்ளர் பசும்பாலில் (200 மில்லி) சுமார் 240 கிடைக்கும். 100 கிராம் கேப்பை மாவில் சுமார் 350. அகத்திக்கீரையில் அதைவிடப் பல மடங்கு. முருங்கைக்கீரை, தோலோடு சேர்ந்த எள் இரண்டும் நல்ல கால்சியச் சுரங்கங்கள். ஆனால் கேப்பையில் இருப்பது முழுதாக உடம்பில் சேராது. முளைகட்டி அரைத்தால், அல்லது மாவைப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினால் கூடுதலாகச் சேரும். பசலைக் கீரையில் ஆக்ஸலேட் அதிகம் என்பதால் கால்சியத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

புரதம்: எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு. 55 கிலோ உள்ள பெண்ணுக்குத் தினம் சுமார் 46 கிராம். நம் வீடுகளில் பருப்பு ஓடிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் குறையைத் தயிர்தான் கொஞ்சம் ஈடுகட்டி வந்தது. தயிரை விட்டால் குழம்பு கெட்டியாக வேண்டும்! மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, சுண்டல் இவற்றில் ஒன்று தினம் ஒருவேளை. கூடவே ஒரு கைப்பிடி நிலக்கடலை. அதிலேயே ஏழு கிராம் புரதம் இருக்கிறது.

இரும்புச்சத்து: தாவரத்தில் உள்ள இரும்பு உடம்பில் மெதுவாகத்தான் சேரும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போல வைட்டமின் சி உள்ளதை அதே வேளையில் சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஒரு அடுப்பு, ரெண்டு தட்டு

‘ஆளுக்கு ஒரு சமையலா? என்னால ஆகாதும்மா’ என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். கம்பத்து வீட்டு அம்மா ஒரே சமையலில் இருவரையும் கவனித்துக்கொள்ளலாம். ஒரு நாள் சாப்பாடு இதோ:

காலை: முளைகட்டிய கேப்பை மாவில் தோசை, நிலக்கடலைச் சட்னி. மகளுக்கு மூன்று, அப்பாவுக்கு இரண்டு.

முற்பகல்: கொய்யா அல்லது ஒரு கொத்துப் பன்னீர் திராட்சை. அப்பாவுக்கு அதில் பாதி. ஜூஸ் வேண்டாம்.

மதியம்: குதிரைவாலிச் சோறு அல்லது தீட்டாத அரிசிச் சோறு, கெட்டியான மொச்சைப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, ஒரு நெல்லிக்காய். அப்பாவுக்குச் சோறு ஒரு கரண்டி குறைத்து, பொரியல் ஒரு கரண்டி கூட்டுங்கள். கடைசியில் அவருக்கு நீர்மோர். மகளுக்கு, வேண்டுமென்றால், ரசம்.

மாலை: தட்டைப்பயறுச் சுண்டல். மகளுக்கு ஒரு எள்ளுருண்டை. வெல்லம் சேர்ந்தது, அப்பாவின் கண்ணில் படாமல் வையுங்கள்!

இரவு: சோள தோசை, தக்காளி, சின்ன வெங்காயம் வதக்கிய சட்னி, ஒரு கிண்ணம் காய்.

மகளுக்கு இதோடு பி12 மாத்திரை. அது மெனுவில் ஒரு பகுதி, மறக்கக் கூடாது. தாளிப்பு இருவருக்கும் எண்ணெயில்தான். எண்ணெய்க்கும் அளவு உண்டு. 2024-ல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி ஒரு நாளைக்கு ஒருவருக்கு 27 கிராம் எண்ணெயும் கொழுப்பும் போதும் என்கிறது. காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பயறு வகை 85 கிராம் வேண்டும் என்கிறது. பாலோ தயிரோ 300 மில்லி என்றும் அதில் இருக்கிறது. பாலை விடுகிறவர்கள் அந்த 300 மில்லிக்கு ஈடு கட்ட வேண்டும் என்பதை மனதில் வையுங்கள்.

கடையில் வாங்கும்போது

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்று அர்த்தம். வீகன் என்று அர்த்தமில்லை. பால் பவுடர் சேர்ந்த பிஸ்கட்டிலும் பச்சைப் புள்ளி இருக்கும். வீகன் உணவுக்கென்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிமுறையும், இலை முளைத்த ‘வி’ எழுத்து போன்ற தனி முத்திரையும் கொண்டுவந்தது. அந்த முத்திரை இருந்தால் அதில் மிருகப் பொருள் எதுவும் இல்லை. அதில் உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்று அந்த முத்திரை சொல்லாது. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்.

இவர்கள் தாமாக இறங்கக் கூடாது

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்: தாயிடம் பி12 இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது. குழந்தையின் மூளை, நரம்பு வளர்ச்சி பாதிக்கப்படும். நன்றாகச் சிரித்து விளையாடிய குழந்தை சோர்ந்துபோய், கற்றதையே மறப்பதுகூட உண்டு. வீகனாக இருக்கும் பெண், கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகள்: ஒரு வயதுக்குள் தாய்ப்பால், அது இயலாதபோது டாக்டர் சொல்லும் புட்டிப்பால். அதற்குப் பதிலாகத் தேங்காய்ப் பால், பாதாம் பால் கொடுக்கவே கூடாது. தாய்ப்பால் வீகன் கொள்கைக்கு விரோதமானது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறுநீரக நோயாளிகள்: கீரை, வாழைப்பழம், இளநீர், பயறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். ஊருக்கெல்லாம் நல்லதாக இருக்கும் தாவர உணவு, சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்தாக முடியலாம்.

சர்க்கரைக்கு இன்சுலின், மாத்திரை எடுப்பவர்கள்: சோற்றைக் குறைத்துவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால், சர்க்கரை ‘லோ’ ஆகி மயக்கம் வரலாம். சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க நினைப்பவை

பழைய சோறு, இட்லி மாவு புளிப்பதில் பி12 கிடைக்கும் என்கிறார்களே?
நம்பி உட்கார முடியாது. புளிக்கவைக்கும் எல்லா பாக்டீரியாவும் பி12 தயாரிப்பதில்லை. பழைய சோறு குளிர்ச்சிக்கும் வயிற்றுக்கும் நல்லது, சாப்பிடுங்கள். பி12-க்கு அது மாற்று ஆகாது.

பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால் போதுமா?
ருசிக்குப் போதும். சத்துக்குப் போதாது. புரதமும் கால்சியமும் அதில் ரொம்பக் குறைவு, கொழுப்பு அதிகம். புரதத்தில் பாலுக்கு நெருங்கி வருவது சோயா பால். கால்சியமும் பி12-ம் சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

வீகன் ஆனால் உடம்பு இளைக்குமா?
எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தினமும் பரோட்டாவும் சிப்ஸும் என்றால் ஏறத்தான் செய்யும்.

வீட்டுச் சண்டையை எப்படித் தீர்ப்பது?
ரெண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அந்தப் பிள்ளை திரும்பி வந்து ‘பால் குடிப்பது பாவம்’ என்றால் பெற்றவர்களுக்குச் சுருக்கென்று குத்தும். பிள்ளைகளே, உங்கள் தட்டை நீங்கள் முடிவு செய்யுங்கள். அப்பத்தாவின் மோர் தம்ளரைத் தட்டிவிடாதீர்கள். பெரியவர்களே, ‘இது என்ன கிறுக்கு’ என்று திட்டுவதை விட, ‘பி12 மாத்திரை போட்டியா?’ என்று கேளுங்கள். பிள்ளைக்கு உண்மையில் உதவுகிற கேள்வி அது.

கடைசியாக, செய்ய வேண்டியவை மூன்று. உங்கள் வீட்டில் யார், எதற்காகச் சாப்பாட்டை மாற்றுகிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெளிவாகுங்கள். பாலை விட்டவர் இருந்தால், அல்லது முழுச் சைவமாக இருந்து மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் இருந்தால், அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பி12-ஐயும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நாளைக்குச் சந்தைக்குப் போகும்போது ஒரு கிலோ மொச்சையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் மறக்காமல் வாங்கி வாருங்கள்.